ஆடியில் தெரிந்த ஷோகேஸ் ஐப்பசியில் ஏன் மங்கியது

சென்னை பாண்டி பஜாரில் பருத்திப் புடவை மட்டும் விற்கும் ஒரு சின்னக் கடை. அதன் ஷோகேஸை ஆடித் தள்ளுபடிக்காக ஜூலையில் அமைத்தோம். தீபாவளிக்குள் அதைப் பாதிக்கு மேல் பிரித்து மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. இப்போது பகல் பதினோரு மணிக்கும் புடவை தெரிகிறது, இரவு எட்டு மணிக்கும் தெரிகிறது. நடுவில் என்னென்ன செய்தோம், எது நின்றது, எது நிற்கவில்லை என்று வரிசையாக எழுதி வைக்கிறேன். கிழக்கு மேற்காக ஓடும் தெருவில் கண்ணாடி வைத்த கடை யாருக்கு இருந்தாலும் இது பயன்படும்.

முதலில் அளவுகள். அகலம் 10 அடி, உயரம் 7 அடி, ஆழம் 3 அடி. ஷோகேஸின் தரை நடைபாதையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்கிறது. கண்ணாடி 12 எம்எம் டஃபன்ட், அதாவது சூட்டில் கடினப்படுத்தியது. பாண்டி பஜார் இருக்கும் தியாகராய சாலையின் தெற்குப் பக்கம் கடை. அதாவது கண்ணாடி வடக்கு பார்த்தது. இந்த ஒரு தகவல்தான் பின்னால் எல்லாவற்றையும் தீர்மானித்தது. ஜூலையில் அதை நோட்டில் ஒரு மூலையில் எழுதி வைத்ததோடு சரி.

2019 நவம்பரில் அங்கே அகலமான நடைபாதை வளாகம் திறந்த பிறகு மக்கள் நடக்கிற விதமே மாறிவிட்டது. முன்பு கடை வாசலை உரசிக்கொண்டு போவார்கள். இப்போது கண்ணாடியிலிருந்து எட்டு, பத்து அடி தள்ளி நடக்கிறார்கள். சாதாரண நடை நொடிக்கு நாலு அடி என்று வைத்துக்கொண்டால், 10 அடி ஷோகேஸைக் கடக்க இரண்டரை நொடி. அந்த இரண்டரை நொடியில் பத்து அடி தூரத்திலிருந்து எது புரியும் என்பதுதான் கேள்வி. கடைக்கார அக்காவுக்கு இருபது புடவையையாவது மாட்ட வேண்டும் என்று ஆசை. "சரக்கு இருக்குன்னு தெரிய வேணாமா தம்பி?" என்றார். அவர் கேட்பது நியாயம்தான். ஆனால் இருபது புடவை மாட்டினால் இரண்டரை நொடியில் ஒன்றுகூட மனதில் தங்காது. நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவில் டிஃபனி நகைக்கடைக்கு 1955 முதல் 1994 வரை ஷோகேஸ் அமைத்த ஜீன் மூர், கோடிக்கணக்கில் சரக்கு இருந்த கடைக்கு ஒரே ஒரு நகையை எடுத்துப் பக்கத்தில் ஒரு சாதாரணப் பொருளை வைத்து முடித்துவிடுவார். இதைச் சொல்லி, கடைசியில் ஐந்து புடவைக்கு அக்காவைச் சம்மதிக்க வைத்தேன்.

வேலை கண்ணாடியிலிருந்து தொடங்கியது. பல வருடம் முன்பு யாரோ ஒட்டிய சன் கன்ட்ரோல் ஃபிலிம் அதில் இருந்தது. பகலில் வெளியிலிருந்து பார்த்தால் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி இருந்தது. அதை உரிக்காமல் உள்ளே எத்தனை விளக்கு போட்டாலும் வீண். சோப்புத் தண்ணீர் தெளித்து, ஹேர் டிரையரில் ஓரத்தைச் சூடாக்கி, ஒரு மூலையிலிருந்து மெதுவாக இழுத்தால் ஃபிலிம் வந்துவிடுகிறது, பசை வருவதில்லை. பசைக்குப் புது பிளேடு, எப்போதும் ஈரமான கண்ணாடி, ஒரே திசையில் இழுப்பு. காய்ந்த கண்ணாடியில் பிளேடை ஓட்டினால் நிரந்தரக் கீறல்தான். கூலி 1,500 ரூபாய்.

அடுத்து கூரை. ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கை நம்பி பைப்பையும் புடவையையும் தொங்கவிட முடியாது. சீலிங்கில் துளை போட்டு, மேலே இருக்கும் கான்கிரீட் தளத்தில் ஆங்கர் போல்ட் அடித்து, திரெட் ராடு இறக்கி, அதில் ஒரு இஞ்ச் சதுர இரும்பு (எம்.எஸ்.) பைப்பை மாட்டினோம். பைப், வெல்டிங், பெயின்ட் சேர்த்து 5,200. கண்ணாடியிலிருந்து இரண்டு அடி உள்ளே பைப் வந்தது. பின்னணிக்கு பிளைவுட் அடித்து, கருநீலத் துணி போர்த்தினோம்: 4,600. விளக்குக்குப் பத்து அடி டிராக், அதில் ஆறு ஸ்பாட் லைட், 3000 கெல்வின் (மஞ்சள் சாயல் வெளிச்சம்), ஒளி விரியும் கோணம் 24 டிகிரி. லைட் ஒன்று 1,350 வீதம் 8,100, டிராக் 1,400. இரண்டையும் வால்டாக்ஸ் சாலைப் பக்கம் அலைந்து பார்த்துவிட்டு, கடைசியில் கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் வாங்கினேன். எலக்ட்ரீஷியன் கூலி 1,500, ஊசி, நைலான் நரம்பு, டேப் என்று சில்லறை 700. ஆடிச் செலவு மொத்தம் 23,000.

மாட்டியது மதுரைச் சுங்குடி. அதன் புள்ளிகள் பத்து அடிக்கு அப்பால் காணாமல் போய்விடும்; கையில் எடுத்துப் பார்க்கும்போதுதான் சுங்குடியின் அழகு. ஆகவே புள்ளியை நம்பாமல் நிறத்தை நம்பினோம். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று ஒரு நிறத்துக்கு ஒன்று, கருநீலப் பின்னணியில். அது அற்புதமாக இருந்தது. காலையிலும் சாயங்காலத்திலும் சாய்ந்த வெயில் கண்ணாடி வழியாக உள்ளே வந்து புடவை மேலேயே விழுந்தது. இரவில் ஸ்பாட் லைட். ஆடி முழுவதும் யாரும் ஒரு குறை சொல்லவில்லை. ஓரத்தில் மாட்டிய சிவப்பில் மட்டும் ஒரு மடிப்பின் விளிம்பு லேசாக வெளுத்தது. அதன்பின் வாரம் ஒரு தடவை மடிப்பை மாற்றிப் போட்டோம்.

தீபாவளிக்கு அக்கா கண்டாங்கி வைக்கச் சொன்னார். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதிலிருந்து பெயர் சொல்லியே கேட்டு வருகிறார்கள் என்பது அவர் அனுபவம். அரக்கு, கறுப்பு, மஞ்சள், அகலமான கரை, பெரிய கட்டம். பத்து அடியிலிருந்து படிக்கக் கண்டாங்கியைவிட நல்ல புடவை கிடையாது என்று நம்பி, அரக்கில் மூன்று, கறுப்பில் ஒன்று, மஞ்சளில் ஒன்று என மாட்டினோம். அதே பைப், அதே கருநீலத் துணி, அதே லைட். இரவில் பிரமாதம். மறுநாள் காலையில் அக்கா போன் செய்தார். "லைட்டு எல்லாம் எரியுது தம்பி, ஆனா ரோட்டுக்கு அந்தப் பக்கத்து பில்டிங்தான் நம்ம ஷோகேஸ்ல தெரியுது."

போய்ப் பார்த்தால் உண்மைதான். எதிர் வரிசையில் இருக்கும் வெள்ளைக் கட்டடம் ஜன்னல் ஜன்னலாக எங்கள் கண்ணாடியில் நின்றது. அரக்குப் புடவை அதற்குப் பின்னால் ஒரு நிழல் போலத்தான் தெரிந்தது.

காரணம் சூரியன். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரம் தொடங்கி ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு மேலே சற்று வடக்காகத்தான் நிற்கிறது. அந்த மாதங்களில் வடக்கு பார்த்த எங்கள் கண்ணாடிக்கு வெயில் கிடைக்கும். தெற்கு பார்த்த எதிர் வரிசைக் கட்டடங்கள் நிழலில் இருக்கும். ஆகஸ்ட் நடுவுக்குப் பிறகு சூரியன் தெற்கே இறங்க இறங்க எல்லாம் தலைகீழாகிறது. ஐப்பசியில் எதிர் வரிசை முழுக்க நேர் வெயிலில், எங்கள் ஷோகேஸ் முழுக்க நிழலில். ஜூலையில் பார்த்து ஒப்புக்கொண்ட ஷோகேஸுக்கு அக்டோபரில் வேறு சூரியன்.

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான்: லைட்டைக் கூட்டுவது. தெரிந்த ஒருவரிடம் நாலு 30 வாட் ஸ்பாட்டை இரவல் வாங்கி டிராக்கில் ஏற்றினோம். உள்ளே அனல் அடித்தது, பகலில் கண்டாங்கி தெரியவில்லை. அப்போதுதான் 1,900 ரூபாய் கொடுத்து வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர் ஒன்று வாங்கினேன். கணக்கு தெளிவாகிவிட்டது. எதிர்ச் சுவரில் மீட்டரை வைத்தால் 50,000 லக்ஸுக்கு மேல். சாதாரணக் கண்ணாடி தன் மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். வெள்ளைச் சுவர் தன் மேல் விழுந்ததில் கொஞ்சத்தை விழுங்கிக்கொண்டாலும், கண்ணாடியில் நமக்கு எதிரே நிற்கும் பிம்பத்துக்கு 2,800 லக்ஸ் அளவு பலம். எங்கள் ஆறு ஸ்பாட்டும் எரியும்போது உள்ளே புடவை இருந்த இடத்தில் 1,650. இரவல் லைட்டையும் சேர்த்தால் 3,200. அதிலும் அரக்குத் துணி பத்தில் ஒரு பங்கைத்தான் திருப்பித் தரும். 2,800-உடன் 320 மோதினால் என்ன ஆகும்? லைட் போட்டு இதைச் சமாளிக்க வேண்டுமானால் இன்னும் ஏழெட்டு மடங்கு வேண்டும். இரவல் லைட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எதிரொளிப்பு குறைந்த கண்ணாடிக்கும் விலை விசாரித்தோம்; 70 சதுர அடிக்கு அது மொத்த பட்ஜெட்டையும் தாண்டியது.

மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஷோகேஸுக்குள் முன்னும் பின்னும் நடந்தபோதுதான் வழி கிடைத்தது. லைட் எல்லாம் அணைத்த நிலையில், பின் சுவரில் 900 லக்ஸ். கண்ணாடியிலிருந்து 9 இஞ்ச் உள்ளே 5,200. அதே எதிர்க் கட்டடமும் வானமும் தருகிற வெளிச்சம்தான், இலவசம். எந்த வெளிச்சம் கண்ணாடியில் பிம்பமாக நின்று நம்மைத் தடுக்கிறதோ, அதே வெளிச்சம் முதல் ஒரு அடிக்குள் இருக்கும் துணியை ஏற்றிக் காட்டவும் செய்கிறது. புடவையை முன்னால் கொண்டுவர வேண்டும், வெளிர் நிறத்தை எடுக்க வேண்டும், கருநீலப் பின்னணியைக் கழற்ற வேண்டும். கறுத்த பின்னணி இருக்கும் வரை கண்ணாடி வெறும் கண்ணாடியாக இருக்காது; முகம் பார்க்கிற கண்ணாடியாகத்தான் இருக்கும்.

எனவே இரண்டாம் சுற்று. பின்னணிக்குச் சலவை செய்யாத காடாத்துணி, 14 மீட்டர், மீட்டர் 70 வீதம் 980. மூட்டித் தைக்க 300. பிளைவுட்டின் மேலேயே வெல்குரோவால் ஒட்டியதால் கருநீலத் துணி அடியில் அப்படியே இருக்கிறது. காடாவின் லேசான மஞ்சள் கலந்த வெள்ளை, சலவை வெள்ளையைவிடக் கண்டாங்கிக்குப் பொருந்துகிறது. சலவை வெள்ளையில் கண்டாங்கி மஞ்சள் அழுக்காகத் தெரிந்தது.

கண்ணாடியிலிருந்து 9 இஞ்சில் புது கம்பி. முதலில் ஒரு இஞ்ச் பிவிசி பைப்பை வைத்துப் பார்த்தோம். நாலு அடி நீளத்துக்குள்ளேயே நடுவில் தொய்ந்தது. தொய்ந்த கம்பியில் கட்டம் போட்ட புடவை மாட்டினால் ஒவ்வொரு கட்டமும் அந்தத் தொய்வைக் காட்டிக்கொடுக்கும். 25 எம்எம் ஸ்டெயின்லெஸ் கர்ட்டன் ராடுக்கு மாறினோம், பிராக்கெட்டோடு 1,900. ராடு வழுக்கும்; பருத்தியானாலும் மெல்ல மெல்லக் கீழே இறங்கிவிடும். ராடைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒரு சுற்று சுற்றினால் நின்றுவிடுகிறது.

புடவை ஐந்தரை மீட்டர், ஏறத்தாழ 18 அடி. மூன்றாக மடித்தால் ஆறு அடித் தொங்கல். மடிப்பில் எந்தப் பகுதி முன்னால் வர வேண்டும் என்பதில்தான் நாங்கள் அதிக நேரம் செலவழித்தோம். டம்மிக்குக் கட்டினால் கொசுவத்துக்குள் பாதிக் கட்டம் போய்விடும். அதனால் டம்மி வேண்டாம் என்று முதலிலேயே முடிவு. புடவையை நெடுக்கில் தொங்கவிட்டால் கரை இரண்டு பக்கமும் செங்குத்துக் கோடாக நிற்கிறது. காடாவின் வெளிர் பரப்புக்கு முன்னால் நாலு விரற்கடை அகலத்தில் அரக்குக் கரை, மேலிருந்து கீழே. இதை எதிர் நடைபாதையிலிருந்துகூடப் படிக்க முடிந்தது. நடுவில் மஞ்சள் உடலும் அரக்குக் கரையும் கொண்ட ஒன்று, இரண்டு பக்கமும் வெளிர் உடலில் கட்டம் போட்டவை. மொத்தம் மூன்றே புடவை. முழு அரக்கை உள்ளே கவுண்டர் மேல் முதல் வரிசைக்கு அனுப்பிவிட்டோம். மஞ்சள் துணி பாதி ஒளியைத் திருப்பித் தரும் என்று வைத்துக்கொண்டால், 5,200-இல் 2,600. எதிரே 2,800. பிம்பத்தை முழுக்க அழிக்க முடியவில்லை, ஆனால் இரண்டும் சமமாக நின்றால் கண் தானாகவே நிறத்தைத் தேடிப் போகிறது. கிட்டே வருகிறவரின் உடம்பு நிழலாகிப் பிம்பத்தை மறைத்துவிடுவதால், ஐந்து அடிக்குள் வந்தவருக்கு நூல் நூலாகத் தெரிகிறது.

உயரம்: நம் ஊர்ப் பெண்களின் கண்மட்டம் தரையிலிருந்து சுமார் 4 அடி 8 இஞ்ச். ஷோகேஸ் தரை ஒன்றரை அடி உயர்ந்திருப்பதால், உள்ளே கணக்குக்கு 3 அடி 2 இஞ்ச். முந்தானையின் கட்டம் கரையைச் சந்திக்கிற இடம் அந்த உயரத்தில் வரும்படி மடித்தோம். அதே உயரத்தில், ஆறு இஞ்ச் அகலப் பலகை ஒன்றில், தறியில் குறுக்கு நூலை ஓட்டும் மர நாடா இரண்டு, பழையவை; கூடவே அரக்கு நூல் சுற்றிய சிறு குழல்களான சில தாரும். காரைக்குடிப் பக்கத்து நெசவாளர் வீட்டிலிருந்து அக்கா இரவல் வாங்கி வந்தவை. ஒரு நாடாவின் மரம் கை பட்டுப் பட்டு நடுவில் வழவழவென்று குழிந்திருந்தது. முனையில் இருந்த இரும்புக் கூர் தேய்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நின்று பார்த்தவர்களில் வயதானவர்கள் புடவையைவிட முதலில் இதைத்தான் பக்கத்தில் இருப்பவருக்குச் சுட்டிக்காட்டினார்கள்.

குண்டூசி பற்றி ஒன்று. சென்னைக் காற்றில் சாதாரண இரும்புக் குண்டூசி ஒரு மாதம் துணியில் இருந்தால் துருக்கறை விழும், பருத்தியில் அது போகாது. பித்தளைக் குண்டூசி மட்டும். கிளிப் போடுவதானால் நடுவில் ஒரு காகிதத் துண்டு. ஏசி காற்றில் துணி ஆடாமலிருக்கக் கீழ் மடிப்புக்குள் மெல்லிய கம்பி ஒன்றைச் செருகி வைத்தோம்.

புடவை முன்னால் வந்ததும் இரவு வெளிச்சம் கெட்டது. டிராக் லைட் புடவைக்குப் பின்னால் போய்விட்டது. டிராக்கைக் கண்ணாடி ஓரம் நகர்த்தினால் வெளிச்சம் மேலிருந்து செங்குத்தாக இறங்கி, மேல் ஒரு அடி வெளுத்து, கீழே இருட்டாகிறது. இதற்குக் கண்ணாடியின் இரண்டு பக்க ஓரத்திலும் தரையிலிருந்து கூரை வரை அலுமினிய புரொஃபைல் வைத்து, அதற்குள் 24 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப் ஓட்டினோம். மீட்டருக்கு 14 வாட், இரண்டும் சேர்ந்து நாலேகால் மீட்டர், ஏறத்தாழ 60 வாட். ஸ்ட்ரிப்புக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் 100 வாட். எல்லாம் 3,400. பக்கவாட்டிலிருந்து உரசிக்கொண்டு வரும் வெளிச்சம் கைத்தறிக்கென்றே செய்தது போல இருக்கிறது. நேர் வெளிச்சத்தில் தட்டையாகத் தெரிந்த பருத்தியில், நூலின் தடிப்பும் மெலிவும், குறுக்கு நூலான ஊடையின் ஏற்ற இறக்கமும் எழுந்து நிற்கின்றன. பவர்லூம் துணியை இப்படிக் காட்டினால் அந்த உயிர் வராது. பழைய ஸ்பாட்டில் இரண்டை மட்டும் நாடாவின் மேல் திருப்பினோம், மீதி காடாவைக் கழுவுகிற மாதிரி பின்சுவருக்கு.

ஸ்ட்ரிப்பை 3000-ஐவிட வெள்ளையான 4000 கெல்வினில் எடுத்ததற்குக் காரணம் உண்டு. ஆடியில் 3000-இல் பார்த்த சிவப்பை உள்ளே வந்து டியூப்லைட்டில் பார்த்தவர்கள், "வெளிய இருக்கற கலர்தான் வேணும்" என்று திரும்பிப் போயிருக்கிறார்கள். இப்போது வாசல் கவுண்டருக்கு மேலே இருந்த டியூபையும் 4000-க்கு மாற்றச் சொல்லிவிட்டேன். கேட்பதற்குச் சின்ன விஷயம், ஆனால் நிறத்தைப் பார்த்து உள்ளே வந்தவரிடம் அதே நிறத்தைக் கொடுப்பது கடையின் கடமை.

கடைசியாக எழுத்து. 'காரைக்குடி கண்டாங்கி' என்று வெள்ளை வினைலில் வெட்டி, கண்ணாடியின் உட்பக்கம் ஒட்டினோம். எழுத்து உயரம் மூன்று இஞ்ச், செலவு 850. பத்து அடிக்கு ஒரு இஞ்ச் போதும் என்பது ஆங்கில எழுத்துக்குச் சொல்லும் கணக்கு. 'ண்' என்பதன் சுழியும் புள்ளியும் அந்த அளவில் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். எழுத்தும் ஒரு வேலை செய்கிறது: கண்ணாடியிலேயே கண் நிற்க ஓர் இடம் கிடைப்பதால், தூரத்துப் பிம்பத்திலிருந்து பார்வை விலகிப் பக்கத்திலிருக்கும் புடவைக்கு வந்துவிடுகிறது.

இரண்டாம் சுற்றில் கூலி 1,200 சேர்த்து, லக்ஸ் மீட்டர் உட்பட 10,530. மழை மூடிய நாட்களில் எதிர்ச் சுவர் மங்கிவிடுவதால் புடவை இன்னும் நன்றாகத் தெரிந்தது. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில், உள்ளே வந்து "வெளிய மாட்டியிருக்கீங்களே, அந்த மஞ்சள்" என்று கேட்டவர்கள் அதிகம் என்று விற்பனைப் பெண்கள் சொன்னார்கள். அந்த மஞ்சள் தீர்ந்தும் போய், ஷோகேஸில் இருந்ததையே கழற்றிக் கொடுக்க வேண்டி வந்தது. தறியில் ஏறி இறங்கக் காலமாகும் துணி; கேட்டவுடன் வராது. நடுப் புடவையாக எதை வைக்கப்போகிறோம் என்பதை இரண்டு மாதம் முன்பே முடிவு செய்து, அதில் போதிய சரக்கு வந்த பிறகுதான் மாட்ட வேண்டும் என்று அக்காவும் நானும் பேசி வைத்திருக்கிறோம்.

அடுத்த முறை கம்பியை ஒரே இடத்தில் ஆணியடித்து நிறுத்தப் போவதில்லை. கூரையில் முன்பின்னாக இரண்டு ரெயில் போட்டு, ராடு 9, 18, 30 இஞ்சில் நிற்கும்படி மூன்று பூட்டு வைக்கலாம் என்று வெல்டரிடம் கேட்டிருக்கிறேன். 2,500-க்குள் முடியும் என்கிறார். மார்கழி வரை சூரியன் இன்னும் தெற்கே போகும், அதுவரை காடாவும் 9 இஞ்சும். சித்திரை நடுவில் சூரியன் மறுபடி தலைக்கு மேலே வந்து வடக்கே தாண்டும்போது காடாவைக் கழற்றி, கருநீலத்தை வெளியே விட்டு, புடவையை 30 இஞ்சுக்குத் தள்ளிவிடலாம். வெயில் நேரே படுவது குறைந்து சாயமும் பிழைக்கும்.